பெரட்டுத் தப்பில் பிறந்த பாட்டு

நோட்டன் பிரிட்ஜ்
12.11.1982

அன்பு மகன் ஜோர்ஜுக்கு அம்மா தெரேசா எழுதுவது. இங்கே நானும் உன் அப்பாவும் ஆண்டவர் புண்ணியத்தில் நடமாடிக்கொண்டிருக்கிறோம், நீயும் அந்தக் குவைத் வெயிலில் காய்ச்சல் தலைவலி இல்லாமல் இருக்க மாதாவிடம் கேட்டுக்கொள்கிறேன். வீட்டில் எல்லோரும் சுகம் என்றுதான் எப்போதும் எழுதுவேன், இந்த முறை எல்லோரும் என்று எழுதக் கை வரவில்லை. மழை விடவே இல்லை, நம் லயத்து வீட்டுக் கூரை இரண்டு இடத்தில் ஒழுகுகிறது, அப்பாவுக்கு இருமல். தங்கச்சி ஏன் எனக்கு ஒரு வரிகூட எழுதுவதில்லை என்று மூன்று கடிதமாகக் கேட்டுவிட்டாய். அப்பா எழுத வேண்டாம் என்றார். நான் எழுதுகிறேன், கோபப்பட்டாலும் கடைசி வரை படி.

நீ வாங்கி, ஒரு பாட்டும் பழகாமல், கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டுப் போனாயே அந்தக் கிட்டார், அதை உன் தங்கச்சி ஜோசப்பின்தான் துடைத்து எடுத்தாள். கோயிலில் பூசைக்குக் கிட்டார் வாசிக்கும் பிரதரிடம் கேட்டுக் கேட்டுப் பழகினாள். பகலெல்லாம் தேயிலைக் கொழுந்து எடுத்து வெடித்த விரலால் கம்பியை அழுத்தும்போது ரத்தம் வரும், சேலை நுனியில் துடைத்துவிட்டு மறுபடி அழுத்துவாள். மேல் லயத்து மீனம்மாவுக்கு நல்ல குரல் என்று உனக்கே தெரியும், அவளைச் சேர்த்துக்கொண்டாள். விடியக்காலை வேலைக்கு ஆள் திரட்டும் பெரட்டுக்குத் தப்படித்து நம்மை எழுப்புகிற மூக்கனுடைய மகள் நாகலெட்சுமி, பழைய தேயிலைப் பெட்டியையும் பால்மா டின்னையும் வைத்துக்கொண்டு தாளம் போட வந்தாள். மூன்று பேருக்கும் பதினேழு வயசுதான். ரேடியோவில் வரும் இங்கிலீஷ் பேண்ட் மாதிரி நாங்களும் ஒரு பேண்ட் என்றார்கள், மின்னல் என்று பெயரும் வைத்தார்கள். நான் வேலை பார்க்கும் பிள்ளைக்காம்பராவில் சாயங்காலம் தாய்மார் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு போன பிறகு சாவியைக் கொடுத்துவிடுவேன். தொட்டில்களை ஒதுக்கிவிட்டு அங்கேதான் பாடுவார்கள். நான் பெருக்கிக்கொண்டே கேட்பேன். நாகலெட்சுமி அவள் அப்பாவுடைய பெரட்டுத் தப்பின் அடியை எடுத்து வேகமாக்கி அடித்தாள், அதன் மேல் ஜோசப்பின் ஒரு பாட்டுக் கட்டினாள், இன்னும் கொஞ்சம் தூங்கவிடு என்று. தினமும் விடியக்காலை திட்டிக்கொண்டே எழும்புகிற அந்தச் சத்தத்துக்கு என் காலே ஆடியது மகனே, பொய் சொல்லவில்லை.

போன வருசம் கோயில் திருநாளில் ஸ்பீக்கர்காரரைக் கெஞ்சி மூன்று பேரும் மேடை ஏறினார்கள். பாட்டு முடிந்ததும் தோட்டமே விசிலடித்தது, கங்காணி இராமையாகூட இன்னொருதரம் பாடுங்க புள்ளைகளா என்றார். சித்திரை வருசப் பிறப்பு விழாவில் வந்து பாடுங்கள் என்று அட்டனில் இருந்து ஆள் அனுப்பினார்கள். அந்த நேரத்தில்தான் உன் கடிதம் வந்தது. எந்தக் கூட்டாளி உனக்கு எழுதினானோ தெரியாது. தங்கச்சி ஆம்பளைகள் முன்னால் மேடையில் குதிப்பதாகக் கேள்விப்பட்டேன், தப்படிக்கிறவன் வீட்டுப் பிள்ளையோடு சேர்ந்து திரிகிறாளாம், இனி நான் ஊர் வந்து எப்படித் தலை நிமிர்வது என்று அப்பாவுக்கு எழுதியிருந்தாய். ஜோசப்பினே அதை அப்பாவுக்கு வாசித்துக் காட்டினாள். அவருக்குத்தான் எழுத்துத் தெரியாதே. ஒரு சொல்லும் விடாமல் வாசித்து, மடித்து அவர் கையில் கொடுத்தாள்.

மறுநாள் அப்பா கிட்டாரைத் தூக்கிக்கொண்டு போய்க் மலையில் வேலை பிரித்துக் கொடுக்கிற கண்டாக்கு ஐயாவுடைய மகனுக்குக் கொடுத்துவிட்டார். ஐயா கேட்டாராம், மகனும் வேணாங்கிறான், வீட்டில எதுக்கு என்று அப்பா என்னிடம் சொன்னார். அடுத்த மாதமே மலை வேலையில் இருந்து அப்பாவை மழை படாத ஸ்டோர் வேலைக்கு மாற்றினார்கள், அதையும் தெரிந்துகொள். கிட்டார் இல்லாவிட்டாலும் விழாவுக்கு நாங்கள் போனோம். பிள்ளைகளைப் போக வேண்டாம் என்று சொல்ல என்னால் முடியவில்லை. மேடையில் கண்டாக்கு மகனும் அவனுடைய கூட்டாளிகளும் நின்றார்கள், அவன் தோளில் நம் வீட்டுக் கிட்டார். அவன் பாடியது இவர்களுடைய பாட்டு. தூங்கவிடு என்ற இடத்தில் எழும்பி வாங்க வேலைக்கு என்று மாற்றிப் பாடினான், அவனுடைய அப்பா முன்வரிசையில் உட்கார்ந்து கை தட்டினார். மீனம்மா அழுதாள். ஜோசப்பின் அழவில்லை, மேடைக்குப் பின்னால் போய் அவனிடம், பாட்டத்தான் எடுத்துக்கிட்டீங்க, தாளத்தையாவது சரியா அடிங்க என்று சொன்னாள். கொழுந்து கிள்ளுற கைக்கு கிட்டார் எதுக்கு, போ என்றான். அப்பா பக்கத்தில்தான் நின்றார். போதும் வா, பஸ் போயிரும் என்றார்.

ஆனியில் நாகலெட்சுமி குடும்பத்துக்கு, ஒப்பந்தப்படி இந்தியாவுக்கே திரும்பிப் போகிற பயண நாள் வந்துவிட்டது. அட்டன் ஸ்டேசனில் ரயில் நகரும் வரை ஜன்னல் சட்டத்தில் விரலால் அந்தத் தாளத்தைத் தட்டிக்கொண்டே இருந்தாள். மீனம்மாவை வலப்பனைப் பக்கம் கட்டிக் கொடுத்துவிட்டார்கள், பாடுவதில்லையாம். ஜோசப்பின் ஒரு நாள் கொழுந்துக் கூடையை வாசலில் கவிழ்த்து வைத்துவிட்டு, அம்மா நான் போறேன், தடுக்காதீங்க என்றாள். நான் தடுக்கவில்லை. எனக்குத் தெரிந்த சிஸ்டர் ஒருவர் மூலமாகக் கட்டுநாயக்காவில் தையல் பெக்டரியில் இடம் கிடைத்தது, பஸ்சில் ஏற்றிவிட்டதும் நான்தான். அப்பா இன்றுவரை என்னோடு சரியாகப் பேசுவதில்லை, பேசாவிட்டால் போகட்டும்.

டிசம்பரில் நத்தார்ப் பண்டிகைக்கு வருகிறேன், மாப்பிள்ளை ஒன்று பார்த்திருக்கிறேன், தங்கச்சியை எயார்போர்ட்டுக்கு வரச் சொல்லுங்கள் என்று எழுதியிருக்கிறாய். அவளுக்கு எழுதிக் கேட்டேன். அண்ணன் கிட்ட எனக்கு ஒண்ணும் வேணாம், மாப்பிள்ளையும் வேணாம்னு சொல்லுங்க என்று பதில் போட்டாள். நான் கட்டாயப்படுத்தப் போவதில்லை. அவள் தங்கியிருக்கும் வீடு எயார்போர்ட்டுக்குப் பக்கத்தில்தான். பிளேன் இறங்கும்போது கூரைத் தகரம் அதிருமாம். போன புதிதில், சத்தம் கேட்டால் வெளியே ஓடிவந்து அண்ணன் வருகிற பிளேனோ என்று பார்ப்பேன் என்று எழுதினாள். இப்போது பார்ப்பதில்லையாம், படுத்தே கிடப்பாளாம்.

நேரத்துக்குச் சாப்பிடு, படுக்கும்போது செபம் சொல்ல மறக்காதே. மாதா உன்னைக் கண் போலக் காப்பாற்றட்டும், நீ என் மகன், உனக்குக் கெடுதல் நினைக்க என்னால் முடியாது. ஒன்று மட்டும் ஞாபகம் வைத்துக்கொள், வந்து இறங்கினால் எயார்போர்ட் வாசலில் அவளைத் தேடிக்கொண்டு நிற்காதே, நேரே தோட்டத்துக்கு வா.

உனக்கும் ஜோசப்பினுக்கும் அம்மா,
ம. தெரேசா