முதல் பூவைக் கிள்ளியவள்

மாரண்டஹள்ளி,
24-4-1949

அன்புத் தம்பி குப்புராஜுக்கு அக்கா ஜானகி ஆசீர்வாதம் சொல்லி எழுதுவது. இங்கே நாங்கள் மூவரும் சௌக்கியம். தங்கவயலில் தினமும் சுரங்கத்துக்குள் இறங்கி ஏறுகிற நீ சௌக்கியமாக இருக்க வேண்டும் என்று தீர்த்தமலையானை வேண்டிக்கொண்டுதான் இதை எழுத உட்கார்ந்தேன்.

உன் கடிதம் வந்தது. உனக்கும் என் மகள் சென்னம்மாளுக்கும் வைகாசியில் நாள் பார்க்கலாமா என்று கேட்டிருந்தாய். உடனே பதில் போடவில்லை என்று உனக்குக் கோபம் இருக்கும். உன் மூக்கு நுனிக் கோபம் எனக்குத் தெரியாததா? கொஞ்சம் பொறு, சொல்கிறேன். முதலில் உன் அக்கா மகளின் பிரதாபத்தைக் கேள்.

தர்மபுரியில் அவள் அத்தை வீட்டில் தங்கி நாலாம் பாரம் படித்தாள் அல்லவா? இந்த வருஷம் பாடத்தோடு ஒரு தொழிலும் எடுத்துப் படிக்க வேண்டுமாம். பையன்களில் பாதிப்பேர் டைப் அடிக்கப் போய்விட்டார்கள். சில பேர் தச்சு வேலைக்குப் போனார்கள். பெண்பிள்ளைகளைத் தையலுக்கும் சமையலுக்கும் போகச் சொன்னபோது இவள் எழுந்து நின்று, "சமையல எங்கம்மா தெனம் திட்டித் திட்டிச் சொல்லிக் குடுக்குதுங்க, நான் விவசாயம் எடுத்துக்கறனுங்க" என்றாளாம். என் மானத்தை வாங்கிவிட்டாள். வாத்தியார் சிரித்துவிட்டுப் பேரை எழுதிக்கொண்டாராம். அந்த வகுப்பில் இவள் ஒருத்திதான் பெண்.

கார்த்திகையில் பள்ளிக்கூடத்தில் கண்காட்சி வைத்தார்கள். ரயிலை யுத்தத்தில் நிறுத்தியதிலிருந்து பஸ்ஸில் இடிபட்டுத்தான் போக வேண்டியிருக்கிறது, ஆனாலும் போனோம். நாட்டு மாங்கன்றைத் தொட்டியோடு மல்கோவாக் கிளைக்குப் பக்கத்தில் தூக்கி வைத்து, இரண்டிலும் தோலைச் சீவி, சேர்த்து நாரால் கட்டிவிடுகிறார்கள். ஒட்டிக்கொண்ட பிறகு பிரித்து எடுக்கிறார்கள். அத்தனை பேர் பார்க்கச் சென்னம்மாள் கத்தியைப் பிடித்துக் கிளையை வெட்டிக் கன்றைப் பிரித்து எடுத்தாள். அவள் அப்பா யாருக்கும் தெரியாமல் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்கு அன்றைக்கு இருந்த பெருமையைச் சொல்லி முடியாது தம்பி.

அவள் கட்டிய கன்றுகளில் மூன்றைக் கொடுத்தார்கள். ஒன்றைக் கிணற்றடியில் நட்டோம். ஒன்றைப் பக்கத்து வீட்டுச் செல்லம்மாள் கேட்டு வாங்கிப் போனாள். மூன்றாவதை யாரும் தொடக் கூடாது என்று தொட்டியிலேயே வைத்திருந்தாள். கேட்டதற்கு, "அது மாமனுக்கு" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

தை மாதம் கிணற்றடிக் கன்று உச்சியில் கொத்தாகப் பூத்தது. நட்டு இரண்டு மாதம்கூட ஆகவில்லை! புதுமரம் பூத்தால் நாம் என்ன செய்வோம் என்று உனக்குத் தெரியும். பெரியமனுஷியான பெண்ணுக்குச் செய்வதுபோல மஞ்சள் நீர் ஊற்றி, பொட்டு வைத்து, பொங்கல் வைத்தேன். செல்லம்மாள், "கன்னு பூத்துட்டுது, இனி உங்க வூட்ல கல்யாணந்தான்" என்றாள். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. வைகாசியென்று மனசுக்குள் முடிவே செய்துவிட்டேன்.

அந்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் தர்மபுரியிலிருந்து வந்தாள் இந்த மகராசி. பையைக்கூட இறக்கவில்லை. நேரே கிணற்றடிக்குப் போய், பொட்டு வைத்த கன்றிலிருந்து ஒரு பூ விடாமல் கிள்ளிப் போட்டுவிட்டாள். கன்னிப்பெண் முதல் பூவைக் கிள்ளலாமா? வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டினேன். அவள் அப்பா அன்றைக்குச் சாப்பிடவில்லை. அவள் அழுதுகொண்டே, ஆனால் அசையாமல் நின்று சொன்னாள்: "கன்னு இன்னும் வேர் புடிக்கலம்மா. இப்பவே காய்க்க வுட்டா சத்தெல்லாம் காய்க்கே போயிடும், கன்னு செத்துடும். ரெண்டு வருசம் கிள்ளிடணும். அப்புறம் பாரு, அதுக்கே தாங்கற தெம்பு வந்துடும்." எட்டு ஊர் சிரிக்கும் என்றேன். சிரித்துவிட்டுப் போகட்டும் என்றாள்.

செல்லம்மாள் வீட்டுக் கன்றும் பூத்தது. அவள் கிள்ளவில்லை, சாமி கொடுத்ததைக் கிள்ளுவேனா என்று எங்களிடமே பெருமையடித்தாள். எலுமிச்சை அளவில் இரண்டு காய் தொங்கியது. தெருவே வந்து பார்த்தது. பங்குனி வெயிலில் இலை சுருண்டது, குடம் குடமாக ஊற்றியும் நிற்கவில்லை. போன வாரம் காயோடு காய்ந்து போயிற்று. பாவம், அவள் அதைப் பிடுங்கிப் போட மனமில்லாமல் பார்த்துக்கொண்டு நின்றாள். நம் கிணற்றடிக் கன்று இந்த வெயிலில் செக்கச்செவேல் என்று புதுத்தளிர் விட்டிருக்கிறது. இப்போது சென்னம்மாளின் அப்பா பாலக்கோட்டுச் சந்தைக்குப் போனால் போன வேலையை மறந்துவிட்டு, ஒட்டு மாங்கன்றுக்குப் பூக் கிள்ளுவதைப் பற்றித்தான் பேசுகிறார். பூவைக் கிள்ளியதற்குச் சாப்பிடாமல் கிடந்த மனுஷன்!

சென்னம்மாள் அஞ்சாம் பாரத்துக்குத் தேறிவிட்டாள். ஆறாம் பாரம் முடிய இன்னும் இரண்டு வருஷம். கல்யாணத்தைப் பற்றி அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. உன்னை வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அம்மா போன பிறகு உன்னை இடுப்பில் தூக்கி வளர்த்தவள் நான். உன் மனசு நோக எழுத எனக்குக் கை வருமா? கிணற்றடிக்கும் அடுப்படிக்கும் நடந்து நடந்து யோசித்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

லீவு முடிந்து திரும்புகிற உன் கூட்டாளி சவுரியப்பன் கையில் இந்தக் கடிதத்தோடு உன் கன்றையும் கொடுத்தனுப்புகிறேன். மழை விழும்வரை தொட்டியோடு நிழலில் வை. பிறகு சுரங்கத்தில் உனக்குக் கொடுத்திருக்கிற லைன் வீட்டு வாசலில் நடு. வருகிற தையில் அது பூக்கும். நல்ல சகுனம், விட்டு வை என்று நாலு பேர் சொல்வார்கள். கேட்காதே தம்பி, கிள்ளிவிடு. அதற்கடுத்த தையிலும் உன் கையாலேயே கிள்ளிவிடு. மூன்றாம் வருஷம் பூக்கிற பூவை விட்டு வைக்க உன் வாசலுக்குச் சென்னம்மாளே வருவாள். வைகாசியைப் பற்றி இதற்கு மேல் எனக்கு எழுதத் தெரியவில்லை.

நீ நன்றாக இரு. உன் கன்றும் நன்றாக வேர் பிடிக்கட்டும்.

உன் பதிலை எதிர்பார்த்திருக்கும் அக்கா,
ஜானகி