ஆற்றில் துவைத்த தோல்சட்டை

உங்களுக்கு,

நேற்று நம் மகள் என்னை வண்ணார்பேட்டையில் புதிதாகத் திறந்திருக்கும் ஒரு கடைக்குக் கூட்டிப்போனாள். மோட்டார் சைக்கிள் ஓட்டுகிறவர்களுக்கான உடுப்புக் கடை. மருமகன் பிறந்தநாளுக்கு ஒரு தோல்சட்டை வாங்க வேண்டுமாம். கண்ணாடிக் கதவைத் திறந்ததும் முகத்தில் அடித்தது பாருங்கள் ஒரு நாற்றம், ரெக்சினும் பசையும் சென்ட்டும் கலந்து! காலையில் தின்ற இட்லி தொண்டைவரைக்கும் வந்துவிட்டது. முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓரமாக நின்றேன்.

தொங்கியதெல்லாம் புதுச் சட்டைகள்தான். ஆனால் ஒன்றுகூடப் புதிதாகத் தெரியவில்லை. முழங்கை தேய்ந்திருந்தது, கழுத்துப்பட்டை அழுக்கேறிக் கிடந்தது. ஒன்றின் மார்பில் கிரீஸ் கறை. நகத்தால் சுரண்டிப் பார்த்தேன், வரவில்லை. அச்சடித்த கறை அது. விற்கிற பெண்ணுக்கு அதில் ஒரே பெருமை. "அந்தக் காலத்து ஸ்டைலும்மா. பழசு மாதிரியே இருக்கும். இதத்தான் எல்லாரும் கேக்காங்க" என்றாள். ஒரு வண்டியைக் குனிந்து பார்த்திராதவன் மெக்கானிக்கின் அழுக்கைக் காசு கொடுத்து வாங்கி மாட்டிக்கொண்டு திரிவான். எனக்கு ஒரே அருவருப்பு.

"என்னம்மா, மூஞ்ச இப்படி வச்சிருக்க?" என்று மகள் கேட்டாள்.

"ஒங்கப்பா வச்சிருந்தாரு ஒண்ணு" என்று மட்டும் சொன்னேன். மீதியைச் சொல்ல வாய் வரவில்லை. அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

தொண்ணூறுகளின் தொடக்கம், நமக்குக் கல்யாணம் ஆன வருஷம். ராதாபுரத்துப் பனங்காட்டிலிருந்து பாளையங்கோட்டைப் பள்ளிக்கூடம் ஒன்றுக்கு ஓவிய ஆசிரியராக வந்தவர் நீங்கள். ஆழ்வார்திருநகரி தாண்டி ஆற்றங்கரை ஊர் ஒன்றில் வயலும் வீடுமாக இருந்தவர் என் அப்பா. உங்கள் சாதி அவருக்கு ஆகாது. பதிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டு நாம் கல்யாணம் முடித்த அன்றோடு என் வீட்டுப் பேச்சு நின்றது. நமக்கென்று இருந்தவை ஒரு வாடகை வீடும், யாரோ வேண்டாமென்று தள்ளிவிட்ட ஒரு பழைய புல்லட்டும்தான்.

வண்டியைவிட வண்டிக்கேற்ற வேஷம்தான் உங்களுக்குப் பெரிதாகப் போயிற்று. பழைய பேப்பர் கடையில் ஒரு வெளிநாட்டுப் பத்திரிகையைப் பிடித்து வந்தீர்கள். அதில் ஒரு வெள்ளைக்காரன், தோல்சட்டையும் பெரிய கண்ணாடியும் நீளக் கையுறையும் பூட்ஸுமாக வண்டியில் சாய்ந்து நின்றான்.

"ஏட்டி, இவனப் பாரேன். அவுங்க தாத்தா காலத்து உடுப்பு. ராசா மாதிரி நிக்கான்லா?"

"நம்ம ஊரு வெயில்ல நின்னா வெந்துல்லா போவான்" என்றேன். அது உங்கள் காதில் ஏறவேயில்லை.

அதற்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் கடை கடையாக அலைந்தோம். போலீஸ்காரர்களுக்குப் பூட்ஸ் தைக்கிறவரிடம் அளவு கொடுத்தீர்கள். கையுறை ஊரில் எங்கேயும் கிடைக்காமல் இரும்புக் கடையில் வெல்டிங் வேலைக்கு விற்பதை வாங்கினீர்கள். ஜங்ஷன் நடைபாதையில் ஒரு கண்ணாடி. அதன் ரப்பர் பட்டை ஈரத்தில் கிடந்து பிசுபிசுத்தது, அதையும் தலையில் மாட்டிப் பார்த்து, "எப்படி இருக்கேன்?" என்று என்னைக் கேட்டீர்கள். கட்டிக்கொண்ட பாவத்துக்கு, "நல்லாத்தான் இருக்கு" என்றேன்.

தோல்சட்டைக்குத் தூத்துக்குடி போனோம். கப்பலில் வரும் வெளிநாட்டுப் பழந்துணியை மூட்டை மூட்டையாகக் கொட்டி விற்கிற கடை அது. குவியலுக்குள் இடுப்புவரை இறங்கி, அடியிலிருந்து அந்தப் பழுப்புச் சனியனை இழுத்து எடுத்தீர்கள். எலிப்புழுக்கையும் எவனோ ஒருவனின் வேர்வையும் அந்துருண்டையுமாக ஒரு வீச்சம். பையில் ஏதாவது இருக்கிறதா என்று கையை விட்டேன். மூக்கைச் சிந்திக் காய்ந்துபோன ஒரு கைக்குட்டை ஒட்டிக்கொண்டு வந்தது. இன்றைக்கும் நினைத்தால் விரல் கூசுகிறது.

"இது யாரு போட்டது அண்ணாச்சி?" என்று கடைக்காரரிடம் கேட்டேன்.

"எவனோ சீமைக்காரன். செத்தானோ, ஒடம்பு பெருத்தானோ, நமக்கு எதுக்கு தாயி?"

செத்தவன் சட்டை வீட்டுக்குள் வரக்கூடாது என்று நான் சொன்னேன். "ஆத்துல போட்டு அலசிட்டா சரியாப் போச்சு" என்று நீங்கள் சொன்னீர்கள். அந்த விஷயத்தில் நம் இருவருக்கும் ஒரே புத்திதான். எந்தத் துணியானாலும், யார் போட்டதானாலும், தாமிரபரணியில் முக்கி எடுத்தால் தீட்டுப் போய்விடும். தோலைத் தண்ணீரில் போடலாமா என்று யாரிடமாவது கேட்கத் தோன்றியதா நமக்கு? குறுக்குத்துறையில் முழங்கால் தண்ணீரில் நின்று, பார் சோப்பு போட்டு, கல்லில் அடித்து அடித்துத் துவைத்தீர்கள். பழுப்பு பழுப்பாகச் சாயம் ஆற்றோடு போயிற்று. குளித்துக்கொண்டிருந்த ஒருவர், "என்ன வே, எருமையையா குளிப்பாட்டுதீரு?" என்று கேட்டார். "ஒம்ம சோலியப் பாரும் வே" என்றீர்கள்.

மணலில் காயப்போட்டதும் அது கருவாடாகிவிட்டது. கையை விரித்தபடி, யாரும் பிடிக்காமல், தானாக நின்றது. விறைப்புப் போக விளக்கெண்ணெய் போட்டுத் தேய்த்தீர்கள். பழைய வீச்சம் போகவில்லை, எண்ணெய்ச் சிக்கும் சேர்ந்துகொண்டது. முற்றத்து முருங்கையில் தொங்கவிட்டால் தெருநாய்கள் வந்து அண்ணாந்து பார்த்தன. நீங்களோ அதைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் திரும்பித் திரும்பி நின்றீர்கள். குமட்டலும் சிரிப்பும் ஒன்றாக வந்த நாட்கள் அவை.

அப்போதுதான் ஐப்பசியில் என் அண்ணன் வந்தான். "அப்பா தீவாளிக்கு வரச் சொன்னாரு. ரெண்டு பேரும் வாங்க" என்றான். அவன் போன பிறகு நான் அடுக்களையில் உட்கார்ந்து அழுதேன். எனக்குப் பட்டுச்சேலை வேண்டாம், சீர் வேண்டாம். அப்பா உங்களைப் பார்த்து "உள்ள வாங்க மாப்ளே" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்றிருந்தது.

தலைதீபாவளிக்கு நீங்கள் அந்தக் கோலத்திலேயே கிளம்பினீர்கள். "பட்டுவேட்டி பைக்குள்ள இருக்குட்டி. மழையில நனைஞ்சி கோழிக்குஞ்சு மாதிரியா போய் நிக்கச் சொல்லுத?" என்றீர்கள். ஸ்ரீவைகுண்டத்தில் மழை பிடித்துக்கொண்டது. நனைந்ததும் அந்தச் சட்டை தன் முழு நாற்றத்தையும் அவிழ்த்துவிட்டது. என் முகம் உங்கள் முதுகில். வழி நெடுக வாயைத் திறக்காமல் வந்தேன்.

அப்பா வாசலில் நின்றார். மூக்கைச் சுளித்தார். "வெளக்கெண்ணெ மாமா, கொஞ்சம் கூடிப்போச்சு" என்று சிரித்தீர்கள். அவர் உங்கள் பக்கம் திரும்பவில்லை. என்னிடம் சொன்னார்: "அந்தத் தோலக் கழத்திப் போட்டுட்டு, குளிச்சிட்டு வரச் சொல்லு."

அவர் சொல்வதில் என்ன தப்பு என்றுதான் எனக்குத் தோன்றியது. நீங்களும் அப்படித்தான் நினைத்தீர்கள். சட்டையைத் தெரு வேப்பமரத்தில் மாட்டிவிட்டு ஆற்றுக்கு ஓடினீர்கள். திரும்பி வரும்போது தலையில் நீர் சொட்ட, பட்டுவேட்டியும் திருநீறுமாக இருந்தீர்கள். உங்களிடம் சோப்பு வாசனையைத் தவிர ஒன்றுமில்லை. படியேறி, வாசல் நிலையில் கை வைத்தீர்கள்.

"மாப்ள, அங்கன தொழுவத்துப் பக்கம் எலை போட்டிருக்கு" என்றான் அண்ணன். என்னைப் பார்த்து, "நீ உள்ள வா" என்றான்.

நீங்கள் கையை எடுத்தீர்கள். அண்ணன் ஒரு செம்பில் மஞ்சள் தண்ணீர் கொண்டுவந்தான். உங்கள் கை பட்ட இடத்தில் ஊற்றி, துண்டால் துடைத்தான். நீங்கள் பார்த்துக்கொண்டு நிற்கும்போதே செய்தான். மறைத்துச் செய்ய வேண்டும் என்றுகூட அவனுக்குத் தோன்றவில்லை. அப்பா ஈரத்தை மிதிக்காமல் தள்ளி நின்றார், யாரோ அழுக்குக் காலோடு வந்துவிட்டுப் போனதுபோல.

நான் அந்தப் படியிலேயே வாந்தியெடுத்தேன். மசக்கை என்று உள்ளேயிருந்த அம்மா நினைத்தாளாம். மசக்கை ஒன்றும் இல்லை. பெற்ற அப்பனைப் பார்த்து, கூடப் பிறந்தவனைப் பார்த்துக் குமட்டியது எனக்கு. அவ்வளவுதான்.

மரத்திலிருந்து சட்டையை நான்தான் எடுத்துவந்து தந்தேன். வண்டி கிளம்பியதும், "இந்தப் பையப் புடிச்சுக்கோ" என்றீர்கள். கருங்குளம் தாண்டும்போது கேட்டீர்கள், "நாத்தம் கொமட்டுதாட்டி?"

"இல்ல" என்றேன்.

அந்தச் சட்டை அடுத்த மழைக்குப் பூஞ்சை பிடித்துக் குப்பைக்குப் போயிற்று. அந்த நாளைப் பற்றிப் பிறகு நீங்கள் வாயைத் திறந்து ஒரு குறை சொன்னதில்லை. அப்பா இறந்தபோதும் நீங்கள்தான் என்னைக் கூட்டிப்போய் இறக்கிவிட்டு, தெருமுனை டீக்கடையிலேயே நின்றீர்கள். நான் கொதிக்கும்போதெல்லாம் "விடுட்டி" என்பீர்கள். அந்த விட்டுக்கொடுக்கிற குணம் எனக்குப் பிடித்ததேயில்லை.

நேற்று மகள் அந்த அச்சடித்த அழுக்கையே வாங்கினாள். மருமகனுக்குப் பிடிக்குமாம். பிடிக்கட்டும்.

நீங்கள் போன அன்று அண்ணன் வந்தான். தலை நரைத்து, கையில் ரோஜா மாலையோடு, யாரையும் கேட்காமல் நேரே நடுவீட்டுக்குள் வந்தான். குனிந்து உங்கள் நெஞ்சில் மாலையை வைக்கப் போனான்.

"தொடாத" என்றேன்.

"என்ன தாயி இது, மாப்ள மொகத்தப் பாத்துட்டு..."

"மாலைய மககிட்ட குடு. அவ போடுவா."

கூடியிருந்தவர்கள் அழுகையை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தார்கள். அவன் மாலையோடு நின்றான். "விடுட்டி" என்று நீங்கள் சொல்லிவிடுவீர்களோ என்று உங்கள் முகத்தைப் பார்த்தேன். நீங்கள் ஒன்றும் சொல்லவில்லை. நானும் விடவில்லை.