நகராம நிக்கிறதும் நோட்டு பேனாவும்

அக். 13, திங்கள்

விடியக்காலையிலேர்ந்து மழை. பாபநாசம் ரோடு முழுக்கத் தண்ணி. ஸ்கூல் வேன் லேட். புடவையெல்லாம் சேறு.

ஸ்டாஃப் ரூம்ல ஒரு கூத்து. ஜூன்ல சேந்த இங்கிலீஷ் மிஸ் நஸ்ரின், பத்தாம் வகுப்புல என்னமோ புதுசா சொல்லிக்குடுத்திருக்கா. ஸ்பெல்லிங்ல ஏ போட்ட ஸ்டேஷனரி, நகராம நிக்கிறது. ஈ போட்டது, நோட்டு பேனா. ரெண்டும் ஒரே லத்தீன் வேராம்! அந்தக் காலத்துல புஸ்தகம் விக்கிறவங்க ஊர் ஊரா சுத்துவாங்களாம். ஒரே இடத்துல கடை போட்டு நின்னவருக்கு ஸ்டேஷனர்னு பேராம்.

"கதை விடாதம்மா, ரெண்டுக்கும் ஒட்டும் கிடையாது, உறவும் கிடையாது"ன்னேன். பிரின்சிபால் மேடம் உட்பட எல்லாரும் சிரிப்பு. அவ டிபன் டப்பாவைப் பாத்துக்கிட்டே இருந்தா.

சாயங்காலம் மேடம் கூப்பிட்டு, பத்தாம் வகுப்பை இனிமே நீங்களே எடுங்க, உங்க எட்டாம் வகுப்பை நஸ்ரின் பாக்கட்டும்னாங்க. வேணாம்னு சொல்லல. உள்ளுக்குள்ள சந்தோஷம்தான்.

காபிப்பொடி தீந்துபோச்சு.

அக். 14, செவ்வாய்

வெயில். துணி காஞ்சுது.

அவ மூஞ்சிக்கு நேரா காட்டணும்னு லைப்ரரில பெரிய டிக்‌ஷனரியை எடுத்தேன். அவ சொன்னபடியே இருக்கு. லத்தீன், கடை போட்டு நின்னவர், எல்லாம். எனக்கு முகத்துல ஈயாடல.

ரெண்டுக்கும் சம்பந்தமே இல்லன்னு இத்தனை வருஷமா பசங்களை உருப்போட வெச்சவ நான். எங்க மிஸ் சொன்னாங்க, நானும் சொன்னேன். ஒருநாள் புரட்டிப் பாத்திருப்பேனா?

மத்தியானம் பத்தாம் வகுப்பு போர்ஷனை ஒப்படைக்க நஸ்ரின் வந்தா. "அக்கா, நான் சொன்னது தப்புன்னு பசங்ககிட்ட சொல்லிட்டேன்."

நான் சொன்னது, "ம்."

வாயில கொழுக்கட்டையா வெச்சிருந்தேன்? சீ. சோறு இறங்கல. உப்பு ஜாஸ்தியான்னு கேக்குறார் இவர்.

அக். 15, புதன்

தூறல். பத்தாம் வகுப்பு, மொத பீரியட். உள்ள நுழைஞ்சதுமே முன்பெஞ்சு பொண்ணு, நஸ்ரின் மிஸ் தப்பாச் சொல்லிட்டாங்களாமேன்னு சிரிக்கிறா. அப்படியே என் சிரிப்பு. அவங்க சொன்னதுதான் சரி, தப்பு என்னோடதுன்னேன்.

மேடம்கிட்டயும் போய்ச் சொன்னேன். டைம்டேபிள் போட்டாச்சு, விடுங்கன்னுட்டாங்க.

ஸ்டாஃப் ரூம்ல நஸ்ரின், எட்டாம் வகுப்பு நோட்ஸோட. எல்லார் எதிரேயும் சொன்னேன், "நீ சொன்னதுதான் சரிம்மா. எனக்குத்தான் தெரியல. மன்னிச்சுக்க."

"பரவால்லக்கா"ன்னு நோட்ஸை என் பக்கம் நகத்தினா. "எதுக்கும் இதை ஒருதடவை பாத்துடுங்க. அப்புறமா கிளாஸுக்குப் போறேன்."

பாத்தேன். ஒரு தப்பு இல்ல.