வெள்ளிக்கிழமை வந்த ஆட்டோ

பம்பாய்,
26.11.1991

அன்புள்ள நாகம்மாளுக்கு ஏகாம்பரம் எழுதுவது. நான் நலம். நீயும் தாட்சாயிணியும் சுகம்தானே? உன் முழங்கால் வலி தேவலையா?

போன வெள்ளிக்கிழமை மகளின் பிறந்தநாளுக்கு உங்கள் இருவரையும் மெட்ராஸ் சுற்றிக் காட்டச் சொல்லி, உன் தம்பி பரந்தாமனை ஆட்டோவோடு ரகசியமாக அனுப்பியவன் நான்தான். சினிமா, பீச், ஓட்டல் சாப்பாடு எல்லாம் பேசிவைத்திருந்தேன். நடந்ததை அவன் நேற்று போனில் சொன்னான்.

"அக்கா ஆறாவது வாரம் எலுமிச்சம்பழத்தோட மாங்காட்டுக்குக் கெளம்பிகினு இருந்துச்சு மாமா. சாமி கும்பிட்டு அப்படியே பீச்சுக்குப் போலாம்னேன். 'கோயிலுக்குப் போனா நேரா ஊட்டுக்குத்தான்டா வரணும், இதுகூடத் தெரியாதா?'ன்னு கத்துச்சு. தாட்சாயிணி புதுத் தாவணியோட நின்னுகினு அழுதா."

நான் சீக்கிரம் ஊர் வரவேண்டும் என்றுதான் அந்த ஆறு வார வேண்டுதலாம். என்னை ஒரு வார்த்தை கேட்டாயா? நானும் உன்னைக் கேட்கவில்லைதான். அதற்காகத் தப்பு என்னுடையது என்று ஒப்புக்கொள்ள மாட்டேன். ஆனால் தை பிறந்தால் தாட்சாயிணிக்குக் கல்யாணம். இனி நம் வீட்டில் அவளுக்கு ஒரு பிறந்தநாள் இல்லை. அதை நினைத்தால் மனம் ஆறவில்லை.

கொஞ்சம் மோர்மிளகாய் அனுப்பு. தனியாக உட்கார்ந்தால் சோறு இறங்குவதில்லை. நீங்கள் இருவரும் இருக்கிற போட்டோ ஒன்றும் வை.

கல்யாணத்துக்கு ஒரு மாதம் முன்பே வர லீவு கிடைத்துவிட்டது. அம்மன் கொடுத்தது என்று ஊரெல்லாம் சொல்லாதே. சூப்பர்வைசரோடு சண்டை போட்டு நான் வாங்கியது. ஷிப்டுக்கு மணி அடிக்கிறது. அந்தச் சண்டையைக் கொஞ்சம் முன்னால் போட்டிருந்தால் பிறந்தநாளுக்கு நானே வந்திருப்பேன்.

ஏகாம்பரம்