வீட்டுக்காரர் ஊரில் இல்லை

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே நான் சுகம், உன் அம்மா சுகம், அவள் முழங்கால் மட்டும் பஸ் படியைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறது, மற்றபடி இந்த வீட்டில் இருக்கும் நான்கு பேருக்கும் குறை ஒன்றும் இல்லை. அங்கே நீயும் மாப்பிள்ளையும் வேளைக்குச் சாப்பிட்டு, வேளைக்குத் தூங்கி நன்றாக இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன். மூன்று வாரத்துக்கு முன்னால் உன் அம்மா போனில் பேங்க்கிலிருந்து கடிதம் வந்திருக்கிறது என்று பாதி உளறிவிட்டு, ஒண்ணுமில்ல ஒண்ணுமில்ல என்று பேச்சை மாற்றினாள் அல்லவா, அன்றிலிருந்து நீ கூப்பிடும்போதெல்லாம் நான் கடைக்குப் போயிருப்பதாகத்தான் உனக்குத் தகவல் வந்திருக்கும். அத்தனை தடவை போக இங்கே கடையே கிடையாது. விஷயம் ஒரு முடிவுக்கு வரட்டும் என்று இருந்தேன், நேற்று வந்துவிட்டது. போனில் நான் ஒன்று சொல்ல, பக்கத்திலிருந்து உன் அம்மா அதில் இரண்டு திருத்தம் சொல்ல, உனக்கு மூன்றாவதாக ஏதோ போய்ச் சேரும், அதனால் எழுதுகிறேன்.

வீட்டை நீ போட்டோவில்தான் பார்த்திருக்கிறாய். நான்கு அறை, ஒரு கூடம், ஒரே ஒரு குளியலறை, பின்பக்கம் துணி காயப்போட ஒரு முழம் இடம். என் ஓய்வுப் பணம் முழுவதையும் கொட்டியும் போதாமல் மீதிக்குக் கடன் வாங்கினோம். என் பென்ஷனும், துணிக்கடையில் பேண்ட்டுகளின் நீளத்தைக் குறைத்துத் தைத்து உன் அம்மா வாங்கும் சம்பளமும் அந்தத் தவணையைத் தாங்காது, ஆகவே அறைகளை வாடகைக்கு விட்டு அதிலிருந்து கட்டுவது என்று ஆரம்பத்திலேயே பேசி வைத்ததுதான். முதல் முறை வீடு வாங்குகிறவர் தானே அதில் குடியிருந்தால் வட்டியில் சலுகை உண்டு, அறைகளை வாடகைக்கு விடவும் தடையில்லை, ஆனால் வீட்டுக்காரர் அதே கூரைக்குக் கீழே இருந்தாக வேண்டும், இது பேங்க் போட்ட நிபந்தனை. இந்த வயசுல யாரோ குளிச்சு முடிக்கிற வரைக்கும் துண்டோட வாசல்ல நிக்கணுமாப்பா என்று நீ கேட்டாய். முப்பத்தெட்டு வருஷம் ஒன்பது வாடகை வீட்டில் அதைத்தானே செய்தோம், இப்போது சொந்தக் குளியலறை வாசலில் நிற்கப்போகிறேன் என்றேன். நீ சிரிக்கவில்லை.

குடித்தனம் வந்தவர்கள் இருவருமே தங்கமானவர்கள். வீதியைப் பார்த்த பெரிய அறையில் ஒரு நர்ஸ், காற்று வருகிற அடுத்த அறையில் ஒரு லிஃப்ட் மெக்கானிக். மெக்கானிக்குக்கு வருகிற அழைப்பெல்லாம் எட்டாவது மாடியில் மாட்டிக்கொண்டவர்களிடமிருந்துதான் வருகிறது, அதனால் உன் அம்மா அவருக்கு எட்டாம் மாடி என்றே பெயர் வைத்துவிட்டாள். எங்களுக்குச் சமையலறைக்குப் பின்னால் இருக்கும் சின்ன அறை. நான்காவது அறை காலியாகக் கிடக்கிறது, அதைப் பற்றிப் பிறகு. முதல் மாதத்திலேயே எட்டாம் மாடி வந்து, கண்ணாடி மாட்டணும், ரெண்டு ஆணி அடிச்சுக்கலாமா சார் என்று கேட்டார். கேட்டுச் சொல்றேன் என்று சொல்லிவிட்டேன். நேரே சமையலறைக்குப் போய் உன் அம்மாவிடம் கேட்டேன், அவள் வெங்காயத்திலிருந்து தலையைத் தூக்காமல், வீட்டுக்காரர் ஒத்துக்கணுமே என்றாள். அப்புறம் தலையைத் தூக்கினாள், ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அதற்குப் பிறகும் நான் போய் ஒரு ஆணிக்குத்தான் அனுமதி கொடுத்தேன்.

இது சிரிக்கிற சங்கதி. அடுத்தது சிரிக்க முடியாதது. முப்பத்தொரு வருஷம் வீடு வீடாகப் போய்த் தண்ணீர் மீட்டர் பார்த்தவன் உன் அப்பா. கதவைத் தட்டி வீட்டுக்காரர் இருக்காரா என்று கேட்பேன், ஊர்ல இல்ல, வந்தா சொல்றோம் என்பார்கள், நோட்டில் உரிமையாளர் இல்லை என்று எழுதிவிட்டு அடுத்த வாசலுக்குப் போவேன். சாயங்காலம் நம் வாடகை வீட்டுக்குத் திரும்பினால், வரிக்காரனோ பெயிண்டரோ வந்து அதே கேள்வியை என்னிடம் கேட்பான், நானும் அதே பதிலைச் சொல்வேன். வாங்கிப் போட்ட இந்த வீட்டுக்கு வந்து மூன்றாவது மாதம், ஒரு காலை நேரத்தில் ஸ்டூல் போட்டு ஏறிக் கூடத்து ஃபேனைத் துடைத்துக்கொண்டிருந்தேன். கையில் ஃபைலோடு உன் வயதில் ஒரு பெண் வாசலில் நின்று, வீட்டுக்காரர் இருக்காரா என்று கேட்டார். என் வாய் என்னைக் கேட்காமலே, அவர் ஊர்ல இல்லம்மா, வந்தா சொல்றேன் என்றது. நீங்க யாரு என்றார், நான் பின்னாடி ரூம்ல இருக்கேன் என்றேன். முன்னாடி ரூமில் யார் என்றார், நர்ஸ் என்றேன், அடுத்ததில் யார் என்றார், அதையும் சொன்னேன். எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார், குடிக்கத் தண்ணீர் வேறு கொடுத்து அனுப்பினேன். திரும்ப ஸ்டூலில் ஏறி இரண்டாவது இறக்கையைத் துடைக்கும்போதுதான் புத்தி வந்தது, தெருவுக்கு ஓடிப் பார்த்தேன், ஆளைக் காணோம். நுணலும் தன் வாயால் கெடும் என்பது நான்தான். ஏதோ கணக்கெடுப்பாக இருக்கும் என்று என்னை நானே தேற்றிக்கொண்டு உன் அம்மாவிடம் சொல்லாமல் விட்டேன்.

பதினைந்து நாளில் பேங்க்கிலிருந்து பதிவுத் தபால் வந்தது. மேற்படி வீட்டில் உரிமையாளர் குடியிருக்கவில்லை, அறைகள் அனைத்தும் வாடகைக்கு விடப்பட்டுள்ளன என்று எங்கள் அதிகாரி நேரில் அறிந்துள்ளார், முப்பது நாளுக்குள் மாறாக நிரூபிக்காவிட்டால் வட்டிச் சலுகை ரத்து. சலுகை போனால் தவணை ஒன்றரை மடங்கு, அதைக் கட்ட எங்களால் ஆகாது, வீட்டை விற்றுவிட்டுப் பத்தாவது வாடகை வீடு தேட வேண்டியதுதான். உன் அம்மா கடிதத்தை இரண்டு தடவை படித்துவிட்டு, யாருங்க அந்தப் பின்னாடி ரூம்காரர் என்று ஒரே ஒரு கேள்வி கேட்டாள். எனக்குப் பயமாக இருந்தது பாப்பா. சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அதை நான் தண்ணீர் கொடுத்து உபசரித்து வைத்துக்கொண்டேன். உன்னிடம் சொன்னால், போதும்பா வித்துடுங்க என்பாய், நீ சொன்னால் நான் கேட்டுவிடுவேன், அந்தப் பயமும் சேர்ந்துகொண்டது.

பேங்க்குக்குப் போனேன். அதே பெண்தான் மேசையில். என்னைப் பார்த்ததும், நீங்க பின்னாடி ரூம்ல இருக்கிறவர்தானே என்றார். நான்தாம்மா வீட்டுக்காரர் என்றேன், வரிசையில் நின்ற இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். அவரைக் குறை சொல்ல மாட்டேன், அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதையேதான் எழுதியிருப்பேன். முகவரி உள்ள அடையாள அட்டை ஏதாவது கொடுங்கள் என்றார். என் அட்டை, உன் அம்மா அட்டை, பென்ஷன் புத்தகம் எல்லாவற்றிலும் நம் மூன்றாவது வீட்டு முகவரி, அந்த வீட்டுக்காரர் நல்ல மனிதர், தபால் வந்தால் வாங்கி வைப்பார் என்பதற்காக அதையே வைத்துக்கொண்டு ஆறு வீடு மாறியது உனக்குத் தெரியும். கிரயப் பத்திரத்தைக் காட்டினேன், வாங்கினது சரி சார், இருக்கீங்களான்னுதான் கேள்வி என்றார். மறுநாள் நேரில் வந்தார். எங்கள் அறையைப் பார்த்தார். ஒரு கட்டில், அதன் கீழே கயிறு அவிழ்க்காத டிரங்குப் பெட்டி, கொடியில் நான்கு துணி, சுவரில் ஒன்றுமே இல்லை. ரெண்டு நாள் தங்க வந்தவங்க ரூம் மாதிரி இருக்கே ஐயா என்றார். அது உண்மைதான். அந்த நேரத்துக்கு நர்ஸ் வேலை முடிந்து வந்து, செருப்பைக் கழற்றிக்கொண்டே, இவங்க வீட்டுக்காரங்கதான் மேடம், நாங்க சமைச்சுட்டு இருந்தா அவங்க சமையல்கட்டுக்குள்ள வரவே எங்ககிட்ட கேப்பாங்க, எங்களுக்கே கூச்சமா இருக்கு என்றாள். அந்தப் பெண் பேனாவை மூடி, ஒரு வாரம் டைம் தர்றேன், அட்டையில முகவரியை மாத்துங்க, திரும்ப வந்து பார்க்கறேன் என்று சொல்லிப் போனார்.

முகவரி மாற்றும் படிவத்தில் நிரந்தரம், தற்காலிகம் என்று இரண்டு கட்டம். என் கை பாட்டுக்குத் தற்காலிகத்தில் கோடு போட்டுவிட்டது, குமாஸ்தாவிடம் திட்டு வாங்கிக்கொண்டு வேறு படிவம் எழுதினேன். வீட்டுக்கு வரும் வழியில் கால் கிலோ ஆணி வாங்கினேன். எட்டாம் மாடி டிரில் கொண்டுவந்தார், வேண்டாம் என்று சொல்லிச் சுத்தியலால் அடித்தேன், முதல் அடி என் கட்டைவிரலில். உன் அம்மா டிரங்குப் பெட்டிக் கயிற்றைத் துணி வெட்டும் கத்தரிக்கோலால் அறுத்தாள், இனிமே கட்டறதா இருந்தா புதுக் கயிறு வாங்கிக்கலாம் என்றாள். எங்கள் கல்யாணப் படம், நீ பட்டம் வாங்கிய படம், எல்லாம் செய்தித்தாளில் சுற்றியபடி இருந்தன. அடியில் உன் கப்பல் இருந்தது. ஐந்தாவது வீட்டில், நீ ஆறாம் வகுப்பு, ஜன்னலுக்கு ஒரு முகமாக வரைந்து சுவரில் பசை போட்டு ஒட்டினாயே, அந்தக் கப்பல். மறுநாள் வீட்டுக்காரர் வருகிறார் என்று நான் அதைப் பிய்த்தேன், சுவர் வர்ணமும் கூட வந்தது, கப்பல் இரண்டாகக் கிழிந்தது, போதாததற்கு உன் முதுகில் ஒன்று வைத்தேன். நம்ம வீடு வாங்கினதும் ஒட்டலாம்டா என்று அன்றைக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அப்படி ஒரு நாள் வரும் என்று எனக்கே நம்பிக்கை இல்லாததால் சொல்லவில்லை. அடித்தது தப்பு, அதை இத்தனை வருஷம் கழித்து எழுதுகிறேன். முன்பாதிக் கப்பலை உன் அம்மா எடுத்து வைத்திருக்கிறாள், பின்பாதி எங்கே போனதோ. மொத்தம் பதினொரு ஆணி அடித்தோம், பத்து இந்தப் பக்கம், ஒன்று நான்காவது அறையில். கப்பல் அங்கே தொங்குகிறது.

நேற்று அந்தப் பெண் வந்தார். புது அட்டையைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார், என் கட்டைவிரலில் சுற்றியிருந்த துணிக்கட்டைப் பார்த்தார், எழுத ஆரம்பித்தார். எல்லாம் முடிந்தது என்று நான் மூச்சு விடும்போது, நான்காவது அறைக் கதவைக் காட்டி, இதை யாருக்கு விட்டிருக்கீங்க என்றார். சும்மா ஏன் போட்டு வைக்கிறீர்கள், யாருக்காவது கொடுங்கள் என்று நீயும் சொன்னாய், எனக்கும் அதுதான் யோசனை. அறை பார்க்க இரண்டு பேர் வந்தார்கள், இரண்டு பேரிடமும் உன் அம்மா கூரை ஒழுகும் என்று சொல்லி அனுப்பிவிட்டாள். கூரை ஒழுகாது. இப்போது இந்தப் பெண் கேட்டதும் நான் வாயைத் திறந்தேன், திறந்த வாயை நம்பி உன் அம்மா விடுவாளா, முன்னால் வந்து நின்று, அந்த ரூம் வீட்டுக்காரி ஊர்ல இல்லம்மா, வந்தா சொல்றோம் என்றாள். அந்தப் பெண் என்னைப் பார்த்தார். நான் ஃபேனைப் பார்த்தேன். அவர் ஏதோ எழுதினார், தலைகீழாகப் படிப்பது எனக்குத் தொழிலில் வந்த பழக்கம், உரிமையாளர் குடும்பத்தின் உபயோகத்தில் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். சலுகை தொடர்கிறது, வீடு நம்மிடமே இருக்கிறது.

உனக்கும் மாப்பிள்ளைக்கும் லீவு எப்போது கிடைக்கும் என்று நான் கேட்க மாட்டேன், வேலை அப்படி என்று தெரியும். ஆனால் வர வேண்டும் என்று எனக்கு ஆசையாக இருக்கிறது, இதை உன் அம்மா சொல்லி எழுதுவதாக நினைக்காதே, நான்தான் சொல்கிறேன். கப்பல் தொங்கும் ஆணி சரியாக இறங்கவில்லை, லேசாக ஆடுகிறது, எட்டாம் மாடி சரி செய்து தருகிறேன் என்றார், நீ வந்து அடித்துக்கொள்வாய் என்று சொல்லிவிட்டேன். இருவரும் நோய் நொடி இல்லாமல், மனம் ஒத்து, நீண்ட ஆயுளோடு இருங்கள், எங்கள் இருவரின் ஆசீர்வாதமும் எப்போதும் உண்டு. ஒன்று சொல்ல மறந்தேன், நீ அனுப்பிய ஸ்வெட்டர் பார்சல் நம் மூன்றாவது வீட்டுக்காரர் பெயருக்குக் கேர் ஆஃப் போட்டு அங்கேயே போய்விட்டது, இரண்டு பஸ் மாறிப் போய் வாங்கி வந்தேன், அளவு சரியாக இருக்கிறது. நம் முகவரி இந்த உறையின் பின்னால் இருக்கிறது, இனிமேல் எது அனுப்பினாலும் அதற்கே அனுப்பு, என் பெயர், கதவு எண், தெரு, அவ்வளவுதான். கேர் ஆஃப் போட வேண்டாம்.

இப்படிக்கு,
உன் அப்பா