அளவு பாட்டிலுக்குத்தான்

மார்ச் 4

இன்று ஏர்போர்ட் சோதனை வரிசையில் டிரம் இரண்டு தடவை நிரம்பியது. ஷாம்பு, சென்ட், பாதி குடித்த தண்ணீர். வெடித்துவிடும் என்று பயந்து பயணிகளிடம் பிடுங்குவதை என் காலடியிலேயே ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டு வைக்கிறோம். நிஜமாகவே இது பாதுகாப்புக்குத்தானா? சூப்பர்வைசரிடம் கேட்டேன். "அதை யோசிக்க வேற ஆள் இருக்காங்க. நீ பாட்டிலைப் பாரும்மா."

மார்ச் 9

ஒரு பெரியவர். இறந்துபோன மனைவியின் சென்ட் பாட்டில். "நாலு சொட்டுதாம்மா இருக்கு."

"நூறு மில்லிக்கு மேல விடமாட்டோம். அளவு பாட்டிலுக்குத்தான் சார், உள்ள இருக்கறதுக்கு இல்ல." தினம் சொல்லிச் சொல்லி வாய் தானாகச் சொல்கிறது.

கைக்குட்டையிலாவது தெளித்துக்கொள்ளட்டுமா என்றார். வரிசை நிற்கிறது என்று டிரம்மில் போட்டேன். கைக்குட்டையை மடித்து வைத்துக்கொண்டு போனார்.

மார்ச் 10

ஒரு நிமிஷம் கொடுத்திருந்தால் குடியா முழுகிப்போயிருக்கும்?

மார்ச் 19

அக்கா போய்விட்டாள். மாமாதான் போன் செய்தார். வெறும் கைப்பையோடு பிளேன் ஏறுகிறேன்.

மார்ச் 27

அக்காவின் அலமாரியிலிருந்து மாமா தலையெண்ணெய் பாட்டிலை எடுத்துக் கொடுத்தார். நான் வரும்போதெல்லாம் அதில் ஒரு சீட்டு ஒட்டிவைப்பாள்: "என்னுது. தொடாதே குரங்கே." போன தடவை ஒட்டியது அப்படியே இருக்கிறது.

"திருடித் திருடி வச்சுக்குவியே, இனிமே நீயே வச்சுக்கோம்மா" என்றார் மாமா. அடியில் இரண்டு விரல் அளவு எண்ணெய். பாட்டில் இருநூறு மில்லி. விடமாட்டார்கள்.

மார்ச் 28

காலையில் எண்ணெயைச் சின்ன பாட்டிலுக்கு மாற்றி, மூடியை இறுக்கிக் கிளம்பினேன். சோதனையில் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. எனக்கே பெருமை.

வீட்டுக்கு வந்து திறந்தால் — எந்தக் கடையிலும் கிடைக்கிற எண்ணெய். சீட்டு? அக்கா எழுத்து எங்கே?

ஐயோ, நானே குப்பைல போட்டுட்டேனே. பெரிய பாட்டில்னு கை பாத்துச்சு, போட்டுடுச்சு.

மாமாவுக்கு போன் போட்டேன். "குப்பை வண்டி அப்பவே போயிடுச்சேம்மா. ஏன்?" ஒன்றுமில்லை என்றேன்.

காலி பாட்டிலுக்குத் தடையே கிடையாது. எவ்வளவு பெரிதானாலும். என்னைவிட யாருக்குத் தெரியும் அது?

மார்ச் 29

அழுதேன். வேறொன்றும் செய்யவில்லை.

ஏப்ரல் 2

வேலைக்குத் திரும்பினேன். ஒரு பெண்ணிடம் பெரிய சென்ட் பாட்டில், அடியில் கொஞ்சம். "அம்மாவோடது" என்றாள்.

ஓரமாக நிறுத்தினேன். "இருக்கறதை மேல அடிச்சுக்கோங்க. காலி பாட்டிலை எடுத்துட்டுப் போகலாம்."

"வரிசை நிக்குதும்மா" என்று சூப்பர்வைசர் குரல் கொடுத்தார்.

"நிக்கட்டும் சார்."

அவள் நிதானமாக அடித்துக்கொண்டாள். தீரும்வரை மூடியை நான் பிடித்துக்கொண்டிருந்தேன்.