கோழிப் பாடத்தை அழித்தேன்

பேத்தியின் தாத்தாவுக்கு வணக்கம். நான் சுகம். உங்கள் முழங்கால் வலி தேவலையா?

நான் சமைக்கிற ஆபீசில் பள்ளிக்கூடப் புத்தகங்களைக் கம்ப்யூட்டரில் போடுகிறார்கள். யாரும் எழுதலாம், திருத்தலாம். கோழி வளர்ப்புப் பாடத்தில் நானும் நாலு வரி எழுதினேன். அந்தப் பாடத்தை எழுதுகிற டீச்சரம்மா அதில் ஒரு வரியை எடுத்துவிட்டாள். உங்கள் தங்கை ஒரு கல்யாணப் பந்தியில் என்னை எழுப்பிவிட்டதையே மறக்காதவள் நான். டீச்சரம்மா எழுதியது முழுவதையும் அழித்துவிட்டேன். யார் அழித்தார்கள் என்று அதிலேயே தெரியும் என்பது எனக்குத் தெரியாது.

காலையில் அடுப்படிக்கே வந்துவிட்டாள். "என்னம்மா, நான் எழுதினதுல தப்பு இருந்துச்சா?"

கோபமாகக் கேட்டிருந்தால் பதிலுக்குக் கத்தியிருப்பேன். அவள் தன்மையாகக் கேட்டாள். "ஆமா, இருந்துச்சு. நீயே தேடிப் பாரு" என்று வாயில் வந்ததைச் சொல்லிவிட்டேன்.

"நல்லவேளை, பிள்ளைங்க படிக்கிறதுக்கு முன்னாடி பார்த்தீங்க" என்றாள்.

பாடத்தைப் பள்ளிக்கூடங்களுக்கு அனுப்பாமல் நிறுத்திவிட்டு, அழித்ததைத் திரும்ப வரவழைத்து, சாப்பிடவும் வராமல் இன்னும் தப்பைத் தேடுகிறாள். எனக்கு மானம் போகிறது.

என் பழைய போர்வையை அனுப்புங்கள். துவைக்க வேண்டாம், நம் வீட்டு வாசனை போய்விடும்.

அவளுக்குச் சாப்பாடு எடுத்துக்கொண்டு போகிறேன். தப்பு பாடத்தில் இல்லை என்று சொல்லிவிட வேண்டும். ஆறுவதற்குள் போகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் வீட்டுக்காரி